பீங்கான் பூச்சு என்னும் பெயரும் குரோமியச் சக்கரமும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பொருளைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் அதன் பெயரிலிருந்தே தொடங்குகிறது. குரோமிய முலாம் பூசிய மோட்டார் கார்ச் சக்கரங்களின்மேல் தடவுவதற்கென்று ‘செராமிக் கோட்டிங்’ என்னும் காப்புப் பூச்சு இந்நாளில் நகரங்களில் விற்கப்படுகிறது. இதனைப் ‘பீங்கான் பூச்சு’ என்று தமிழில் எழுதிவிடுவது மிக எளிது. அவ்வாறு எழுதலாகாது என்பது என் அபிப்பிராயம். இதனை வெறும் சொற்பூசலாக நான் எழுப்பவில்லை. பெயரை நம்பி வாங்குவோர், ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிய சக்கரத்தின்மேல் இப்பூச்சைத் தடவி, இனி அதற்குக் குறைவில்லை என்று வாளாவிருந்துவிடுகின்றனர். அடியில் நடைபெறும் அழிவோ நிற்பதில்லை.

பீங்கான் என்றவுடன் நம் மக்கள் மனத்தில் தோன்றுவன யாவை? ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் வெண்ணிறக் குமிழ். இவையாவும் மண்ணைப் பிசைந்து, உருவாக்கி, சூளையிலிட்டுச் சுட்டவை. செராமிக் என்ற சொல்லுக்கு வேரான ‘கெராமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் குயவரின் மண்ணையே குறிப்பதாகும். உலோகத்தின்மேல் இவ்வினப் பொருளை உண்மையாகவே ஏற்றும் முறை ஒன்று உண்டு; அதுவே எனாமல். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் படியவைத்து, ஏறத்தாழ 800 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் உருக்கிப் பற்றச் செய்கின்றனர். நம் வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய எனாமல் தட்டுகள் இவ்வாறு செய்யப்பட்டவை. அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே அலுமினியக் கலப்புலோகத்தாலான சக்கரம் ஒன்றை எனாமல் சூளைக்குள் வைத்தால், வெளியே வருவது சக்கரமாக இராது.

அப்படியாயின் சிறு குப்பியில் விற்கப்படும் இத்திரவம் யாது? பாலிசிலசேன், சிலாக்சேன் முதலிய சிலிகன் கூட்டுப்பொருள்களை விரைவில் ஆவியாகும் கரைப்பான் ஒன்றில் கரைத்து வைத்திருக்கின்றனர். துணியால் தடவியதும் கரைப்பான் பறந்துவிடுகிறது. எஞ்சிய பொருள் காற்றிலுள்ள ஈரத்துடன் கூடி, சிலிகன் அணுக்களும் பிராணவாயு அணுக்களும் பின்னிய ஒரு வலையாக மாறுகிறது. பாலிசிலசேன் வகையாயின் இம்மாறுதலின்போது அம்மோனியா வாயு வெளிப்படும். குப்பியைத் திறக்கையில் சிலவற்றில் எழும் நெடியின் காரணம் இதுவே. எஞ்சும் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவினது. சிலவற்றில் இரண்டு மூன்று மைக்ரான் இருக்கலாம். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவிற்கொண்டால் இதன் மென்மை விளங்கும். சிலிகா செராமிக் இனத்தைச் சேர்ந்ததே என்று இரசாயன நூலார் வாதிக்கலாம், அதில் பிழையில்லை. எனினும் சூளையைக் காணாத, சாதாரண வெப்பத்தில் உறைந்த, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய இப்பொருளுக்குக் கண்ணாடிப்படலம் என்ற பெயரே பொருந்தும். இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குகிறேன்.

இனி, இப்படலத்தைத் தாங்கும் குரோமியத்தைப் பார்ப்போம். 1797-ஆம் ஆண்டில் வோக்லான் என்னும் பிரெஞ்சு இரசாயனி கண்டறிந்த இவ்வுலோகம், மின்முலாமாகத் தொழில் முறையில் பரவியது 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில்தான். பளபளக்கும் சக்கரம் முழுவதும் குரோமியமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அழகுக்காக இடப்படும் குரோமிய அடுக்கு அரை மைக்ரானைத் தாண்டுவது அரிது. அதன் கீழே இருபது முப்பது மைக்ரான் அளவில் நிக்கல் இருக்கிறது; அதற்கும் கீழே சிலவற்றில் தாமிரம்; அடியில் எஃகோ அலுமினியக் கலப்போ அமைந்துள்ளது. காப்புத் தொழிலின் பெரும்பகுதியைச் செய்வது நிக்கல். புகழ் மட்டும் குரோமியத்துக்கு.

குரோமியம் துருப்பிடிப்பதில்லை, காற்றுப் பட்டவுடனே அதன் மேற்பரப்பில் தானாகவே ஓர் ஆக்சைடு படலம் தோன்றி அதனைக் காக்கிறது. அப்படலம் சில நானோமீட்டர் கனமே உள்ளது. ஆனால் மின்முலாமாகப் படியும் குரோமியத்தில் உள்விசையினால் நுண்ணிய வெடிப்புகள் ஏற்படுகின்றன. அவ்வெடிப்புகளின் வழியே உப்புநீர் நிக்கலை அடைகிறது. படலத்தால் காக்கப்பட்ட குரோமியம் நிக்கலைவிட மின்முறையில் உயர்நிலையில் நிற்பதால், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி நிக்கல் கரைகிறது. நிக்கலும் ஊடுருவப்பட்டபின், நிக்கலுக்கும் எஃகுக்கும் இடையே இதே நாடகம் மறுபடி நடக்கிறது. இம்முறை பலியாவது எஃகு. மேலே பரந்த முலாம். அதன் நடுவே ஊசிமுனை அளவு எஃகு. மின்னோட்டம் முழுவதும் அவ்வொரு புள்ளியில் குவிவதால் அரிப்பு ஆழமாகச் செல்கிறது. முலாம் பூசிய இரும்பு, துளை விழுந்த இடத்தில் பூசாத இரும்பைவிட விரைவாகக் குழிவிழுவதன் காரணத்தை வகுப்பில் விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அடி அலுமினியமாயின் செந்துரு தோன்றாது. முலாம் கொப்புளித்து, அதன் கீழே வெண்பொடி சேரும். பின்னர் முலாம் தகடுபோல் உரியும். உரிந்த விளிம்பு சவரக்கத்தியின் கூர்மையுடையது. டயர் வந்து அமரும் உள்விளிம்பில் உரிந்தால் காற்றும் மெல்லக் கசியும். இந்நிலையில் குறை அழகைப் பற்றியதன்று. பிரயாணம் செய்வோரின் பாதுகாப்பைப் பற்றியது.

இவ்விடத்தில் கண்ணாடிப்படலத்தின் நியாயமான பயன் புலனாகிறது. புதிய, பழுதற்ற குரோமியத்தின்மேல் தடவினால் அது வெடிப்புகளின் வாயை ஓரளவு அடைக்கிறது. நீரும் உப்பும் தங்கும் நேரத்தைக் குறைக்கிறது. குழிவிழுந்தபின் தடவினாலோ, குழியின் அடியில் ஏற்கெனவே தேங்கிய உப்பையும் துருவையும் வெளியே வரவிடாமல் மூடுகிறது. காற்றின் ஈரமும் பிராணவாயுவும் அம்மூடியின் ஓரங்களின் வழியே புகுந்துகொண்டேயிருக்கும். புண்ணை ஆற்றாமல் கட்டுப்போடுவதை எந்த வைத்தியரும் ஒப்பமாட்டார். ஆகவே கொப்புளமும் குழியும் கண்ட சக்கரத்துக்கு இப்பூச்சை விற்பது முறையன்று என்று நான் கருதுகிறேன். அதற்குரிய வழி பழைய முலாமை நீக்கி மறுமுலாம் இடுதல். இயலாதாயின் சக்கரத்தை மாற்றுதல்.

சக்கரத்தில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் எல்லாம் அடித்துரு அல்ல என்பதையும் கூறவேண்டும். பிரேக்கின் வார்ப்பிரும்புத் தட்டு தேய்ந்து சூடான இரும்புப் பொடியைச் சிதறுகிறது. அப்பொடி குரோமியத்தின்மேல் ஒட்டி, தானே துருவேறிக் கறையாகிறது. தயோகிளைகாலேட் உப்பு கலந்த இரும்பு நீக்கி நீர்மங்களைத் தெளித்தால் இக்கறை ஊதா நிறமாக மாறிக் கரைந்துவிடும். கழுவியபின் அதே புள்ளி சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் முளைத்தால், அது அடியிலிருந்து வருவது.

விளம்பரங்களில் காணும் ‘9எச் கடினம்’ என்ற சொற்றொடரைப் பற்றி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1812-இல் மோஸ் வகுத்த கனிமக் கடின வரிசையில் வைரம் 10, குருந்தம் 9, பளிங்குக்கல் 7. ஒன்பது என்ற எண்ணைக் கண்டவர்கள், இப்பூச்சு குருந்தத்துக்கு நிகரானது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவ்வெண் வர்ணத் தொழிலில் வழங்கும் பென்சில் பரிசோதனையைச் சார்ந்தது. வெவ்வேறு கடினமுள்ள எழுதுகோல்களால் பூச்சைக் கீறிப் பார்த்து, எதுவரை கீறல் விழவில்லை என்று குறிப்பார்கள். 9எச் என்பது அவ்வரிசையில் மிகக் கடினமான பென்சில். கிராபைட்டும் களிமண்ணும் கலந்த ஒரு குச்சி, அவ்வளவே. சாதாரணக் கண்ணாடியே மோஸ் வரிசையில் ஆறுக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கிறது. தெருப் புழுதியிலுள்ள மணலோ ஏழு. எனவே புழுதி படிந்த சக்கரத்தை உலர்ந்த துணியால் தேய்ப்பவர் படலத்தைக் கீறியே தீருவார். வேடிக்கை என்னவெனில், அடியிலுள்ள குரோமியம் தன்மேல் பூசப்பட்ட காவலாளியைவிடக் கடினமானது. கீறலைத் தடுக்க அதற்கு எவருடைய உதவியும் வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் இப்பூச்சினால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் விற்பனையாளர் பறைசாற்றும் பயன் அன்று. அதன் தலையாய நன்மை, சக்கரத்தை அமிலமின்றிக் கழுவ முடிவதே. பிடிவாதமான கறையைப் போக்க வாகனம் கழுவும் இடங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீர்மத்தைத் தடவுகின்றனர். அவ்வமிலம் குரோமியத்தைக் கரைக்கும். முலாம் பட்டறையில் பழைய குரோமியத்தை உரிப்பதற்குப் பயன்படுவதும் அதுவே. இதனினும் கொடியவை ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைபுளோரைடோ கலந்த சக்கரக் கழுவிகள். இவை கண்ணாடியையே கரைப்பவை; ஆகவே நாம் பேசும் படலத்தையும் கரைத்துவிடும். கழுவுபவரின் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தோன்றாமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துப் பொறுக்கவொண்ணா வலி எழும். அதற்குள் அமிலம் தசையினுள் ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பற்றியிருக்கும். பட்ட இடத்தை உடனே நிறைய நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்ணாடிப்படலம் இட்ட சக்கரத்தில் பிரேக் பொடி உறுதியாகப் பற்றுவதில்லை. நீரும் மென்மையான சோப்புக் கரைசலும் போதும். பளபளப்பைப் பார்த்து மகிழ்பவர் காரின் சொந்தக்காரர். அமிலத்திலிருந்து தப்புவதோ, கையுறையின்றி நாள்தோறும் இருபது முப்பது சக்கரங்களைக் கழுவும் கூலியாள். இரண்டாவது பயனுக்காகவே நான் இப்பூச்சை ஆதரிக்கிறேன்.

மெழுகு போதாதா என்று கேட்கலாம். காரின் கதவுக்குப் போதும். சக்கரம் பிரேக்கின் அருகில் இருப்பதால் சூடேறுகிறது. கார்னோபா மெழுகு 80 பாகையைத் தாண்டியதும் உருகிவிடுகிறது. இவ்வகையில் சிலிகாப் படலம் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் கடலினின்று தொலைவிலுள்ள, மழை குறைந்த ஊரில், வாரந்தோறும் சக்கரத்தைக் கழுவித் துடைக்கும் வழக்கமுள்ளவருக்கு இச்செலவு அவசியமன்று. மும்பாய், விசாகப்பட்டினம், சென்னை, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களின் நிலை வேறு.

மறுமுலாமைப் பற்றி மேலே குறிப்பிட்டேன். அதுவும் விலையின்றி வருவதன்று. குரோமிய முலாமுக்கு வழக்கமாகப் பயன்படும் குரோமிக் அமிலத் தொட்டியில் ஆறு இணைதிறனுள்ள குரோமியம் இருக்கிறது. இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. தொட்டியிலிருந்து எழும் நுண்துளிப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவது பழைய நாளிலிருந்தே அறியப்பட்ட நோய். இராணிப்பேட்டையிலும், கான்பூரை அடுத்த ரானியாவிலும், குரோமிய இரசாயனத் தொழில்கள் விட்டுச்சென்ற கழிவுக் குவியல்கள் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு நம் நாட்டினதே. இருக்கும் முலாம் ஐந்தாண்டு கூடுதலாக உழைத்தால், ஒரு சக்கரம் அத்தொட்டிக்குத் திரும்பிச் செல்வது ஐந்தாண்டு தள்ளிப்போகிறது. மூன்று இணைதிறன் குரோமிய முறை பரவிவருவது நல்லதே. அதுவரை இதுவும் ஒரு சிறு உதவி.

பூசும் முறையைப் பற்றிப் பட்டறை ஆசிரியர்கள் அறியவேண்டியது சிறிதே. ஆனால் அச்சிறிதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகின்றனர். முதலாவது, சுத்தம். குரோமியம் மிக வழவழப்பானது. படலம் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு ஏதும் அதில் இல்லை. ஆக்சைடு மேற்பரப்புடன் இரசாயன முறையில் பிணைவதொன்றே அதற்குப் பிடிப்பு. இடையே எண்ணெயோ பழைய மெழுகோ மெருகுப் பசையோ இருந்தால் அப்பிணைப்பு நிகழாது. ஆதலால் கழுவி, இரும்புக் கறையை நீக்கி, உலர்த்தி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தபின்னரே பூசவேண்டும். சக்கரம் குளிர்ந்திருக்கவேண்டும், இடம் நிழலாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்கவேண்டும். திரவம் ஈரத்தால் உறைவதாகையால், மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் அது விரைவாக இறுகும். அங்கே ஒரு நேரத்தில் கையளவு பரப்பை மட்டும் பூசி, மிகுதியை உடனே துடைக்கவேண்டும்; துடைக்காமல் விட்ட திட்டு உறைந்தபின் தேய்த்துத்தான் எடுக்க இயலும். பூசியபின் ஒரு நாளேனும் நீர் படாதிருத்தல் நலம்.

இரண்டாவது, பூசும் இடம். கண்ணுக்குத் தெரியும் முகப்பை நான்கு முறை பூசி, உட்புறத்தைத் தொடாமல் விடுவதே எங்கும் வழக்கம். இது முற்றிலும் தலைகீழானது. மின்முலாமிடுகையில் மின்னோட்டம் மேடுகளிலும் முகப்பிலும் மிகுதியாகவும், பள்ளங்களிலும் உட்புறத்திலும் குறைவாகவும் பாய்கிறது. அதிலும் குரோமியக் கரைசலுக்குப் பள்ளங்களை எட்டும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே ஆரக்கால்களின் பின்புறத்திலும், மூலைகளிலும், டயருக்கு உட்பட்ட வளையத்திலும் முலாம் மெல்லியதாகவோ, சில இடங்களில் குரோமியம் இல்லாமலோ இருக்கும். சேறும் பிரேக் பொடியும் சேருவதும் அங்கேதான். சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தை முதலில் பூசாத வேலைக்குக் கூலி கொடுப்பது வீண் என்பேன். நட்டுகள் வந்து அமரும் குழிகளிலும், சக்கரம் அச்சுடன் பொருந்தும் முகத்திலும் மட்டும் பூசலாகாது. அங்கே உலோகத்துடன் உலோகம் நேராகப் பொருந்தவேண்டும்.

பெயரில் தொடங்கிய பேச்சுக்குத் திரும்புகிறேன். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்இரசாயன ஆராய்ச்சி நிலையம் முலாமையும் அரிமானத்தையும் ஆராய்ந்துவருகிறது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடற்சூழலில் உலோகங்களைச் சோதிக்கும் நிலையங்களும் அதற்கு உண்டு. கல்கத்தாவில் 1950-இல் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒன்று முலாமை அறிந்தது. மற்றொன்று படலத்தை அறிந்தது. இவ்விரண்டின் துணைகொண்டு, குப்பியின் உறைமேல் மூன்று விவரங்களேனும் அச்சிடவேண்டும் என்று விதிப்பது கடினமான காரியமன்று: படலத்தின் கனம் எவ்வளவு, எந்த உலோகத்தின்மேல் சோதித்தது, 35 பாகை வெப்பத்தில் 5 சதவீத உப்புக்கரைசலைப் புகைபோல் தெளிக்கும் சோதனையில், பூசிய தகடும் பூசாத தகடும் எத்தனை மணி நேரம் தாங்கின. பென்சிலின் எண்ணை அச்சிடுவதும் அச்சிடாததும் அவரவர் விருப்பம். இவ்விவரங்களை வட்டார மொழிகளிலும் தரவேண்டும். அப்போது பீங்கான் என்ற சொல்லை எவரும் நாடமாட்டார்.

விதி வரும்வரை பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் காத்திருக்கவேண்டியதில்லை. எஃகின்மேல் முலாமிட்ட பழைய சைக்கிள் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொள்க. அதனை நன்கு கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, பாதி நீளத்துக்கு மட்டும் கண்ணாடிப்படலம் பூசி, ஒரு வாரம் உலரவிடுக. 100 மில்லிலிட்டர் நீரில் 3 கிராம் சோற்றுப்பும் 1 கிராம் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கரைத்து, வடிதாள் துண்டுகளை நனைத்து, இரு பகுதிகளின்மேலும் பத்து நிமிடம் ஒட்டவைத்து எடுக்க. முலாமின் ஊடே எஃகுவரை துளை உள்ள இடங்களிலெல்லாம் தாளில் நீலப்புள்ளி தோன்றியிருக்கும். இரு தாள்களிலும் உள்ள புள்ளிகளை மாணவர்களே எண்ணிக் குறிக்கட்டும். குழிவிழுந்த கைப்பிடியிலும் புதிய கைப்பிடியிலும் இதனைத் தனித்தனியே செய்து பார்ப்பது நன்று. அலுமினியத்தின்மேல் முலாமிட்ட பொருளில் நீலம் தோன்றாதாகையால் அதனைத் தேர்ந்தெடுக்கலாகாது. பெர்ரிசயனைடுடன் அமிலம் எதனையும் சேர்க்கவும் கூடாது. வலிய அமிலம் கலந்தால் நச்சு வாயு எழக்கூடும்.